அப்பாவுக்கு ஏற்றிய மூன்றாவது பை

ஒரே இரவில் என் அப்பாவின் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) எண்ணிக்கை 2,14,000-லிருந்து 9,000-க்கு இறங்கியது. ஏன் என்று தெரிய இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில் நான் ஓடிய ஓட்டத்தில் பாதி வீண். யாராவது முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கேட்க வேண்டிய கேள்வியை முதல் நாள் காலையிலேயே கேட்டிருப்பேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை, ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். இதில் வரும் மருத்துவ விஷயங்கள் அப்பாவைப் பார்த்த டாக்டர்கள் சொன்னவை, அதைப் பிடித்துக்கொண்டு பிறகு நான் தேடிப் படித்தவை.

2023 பிப்ரவரி. விடியற்காலை ஐந்தரை மணிக்கு அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். வயது 69. இடது இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது என்று படம் எடுக்காமலேயே தெரிந்தது, கால் அப்படித் திரும்பிக் கிடந்தது. அம்மா இல்லை. தம்பி கத்தாரில். என் கணவர் லாரி ஓட்டுகிறவர், அன்று நாக்பூர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். பிள்ளைகள் இருவரையும் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு ஆம்புலன்சில் நான் மட்டும் ஏறினேன். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே சேர்த்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாகவே இருந்தது. பிளேட்லெட் 2,14,000. ஒன்று மட்டும் சிக்கல். அப்பாவுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பதால் ரத்தம் உறையாமல் இருக்க நான்கு வருடமாக அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். அதனால் ஐ.என்.ஆர்., அதாவது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண், 3.6 இருந்தது. அதை 1.5-க்குக் கீழே கொண்டுவந்தால்தான் கத்தி வைக்க முடியும் என்றார் எலும்பு டாக்டர். மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். அதற்குள் இறக்க வைட்டமின் கே ஊசியும், ரத்தத்திலிருந்து அணுக்களைப் பிரித்த பிறகு மிஞ்சும் நீரான பிளாஸ்மா நான்கு பையும் போட வேண்டும் என்றார்கள். கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன். அந்தத் தாளில் என்ன இருந்தது என்று அன்று படிக்கவில்லை.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வைட்டமின் கே ஊசிக்கு ஒரு நாள் அவகாசம் கொடுத்திருந்தால், பிளாஸ்மா இல்லாமலே ஐ.என்.ஆர். இறங்கியிருக்க வாய்ப்பு உண்டு என்று பிறகு வேறொரு டாக்டர் சொன்னார். ஆனால் வயதானவர்களுக்கு இடுப்பு எலும்பு உடைந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதும் ஆபத்துதான் என்றும் அவரே சொன்னார். ஆகவே அந்த எலும்பு டாக்டர் தவறு செய்தார் என்று நான் சொல்லவில்லை. "பிளாஸ்மா கட்டாயமா, வேறு வழி இருக்கிறதா" என்று கேட்டுப் பார்த்திருக்கலாம். கேட்பதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்பது அன்று எனக்குத் தெரியாது.

இரவு ஏழேகாலுக்கு முதல் பை ஏற்றினார்கள். பிளாஸ்மா சிவப்பாக இருக்காது. வெளிர் மஞ்சளில், கஞ்சித் தெளிவு மாதிரி இருக்கும். தம்பிக்குக் காட்டலாம் என்று ஒவ்வொரு பையும் மாட்டும்போது போனில் படம் எடுத்து அனுப்பினேன். அவன் அங்கே தூங்காமல் உட்கார்ந்திருந்தான், "இப்ப என்ன நடக்குது, இப்ப என்ன நடக்குது" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவனுக்காக எடுத்த அந்தப் படங்கள்தான் பின்னால் அப்பாவுக்கு உதவின.

மூன்றாவது பை ஒன்பது ஐம்பதுக்கு ஆரம்பித்தது. கால் மணி நேரம் ஆகியிருக்கும், அப்பாவுக்குக் குளிர் எடுத்தது. பல் அடித்துக்கொள்ளும் அளவுக்கு நடுக்கம். சிஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் வந்து பையை நிறுத்தி, டூட்டி டாக்டருக்குப் போன் செய்து, அலர்ஜிக்குப் போடும் அவில் ஊசியும் இன்னொரு ஊசியும் போட்டார். அரை மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியதும் அதே பையைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். நான்காவதும் ஏறி முடிந்தபோது பதினொன்று நாற்பது. காலிப் பைகள் மஞ்சள் குப்பைத் தொட்டிக்குப் போயின. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று தம்பிக்கு மெசேஜ் போட்டுவிட்டு நாற்காலியிலேயே கண்ணை மூடினேன்.

ரத்தமோ பிளாஸ்மாவோ ஏறும்போது குளிர் நடுக்கம், காய்ச்சல், மூச்சு வாங்குதல், உடம்பில் தடிப்பு, முதுகு வலி என்று எது வந்தாலும் அதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. பையை உடனே நிறுத்த வேண்டும். ஊசிக் குழாய் அடைத்துக்கொள்ளாமல் சலைன் ஓட விட வேண்டும். டாக்டர் நேரில் வந்து பார்க்க வேண்டும். மீதியுள்ள பையையும் டியூபையும் நோயாளியின் புது ரத்த மாதிரியோடு ரத்த வங்கிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். நடுக்கத்தை ஊசி போட்டு அடக்கிவிட்டு அதே பையைத் தொடர்வது இதில் கிடையாது. எனக்கு இது தெரிந்திருந்தால் "ரத்த வங்கிக்குச் சொல்லிவிட்டீர்களா சிஸ்டர்?" என்று ஒரு கேள்வி கேட்டிருப்பேன். நீங்கள் கேளுங்கள்.

நான்கு மணிக்கு அப்பா முனகும் சத்தம் கேட்டு எழுந்தேன். உதட்டோரம் ரத்தம். துடைத்தேன், திரும்ப வந்தது. பல் ஈறிலிருந்து கசிந்துகொண்டிருந்தது. போர்வையை விலக்கினால் இரண்டு முழங்காலுக்குக் கீழேயும் குண்டூசியால் குத்தினது போலச் சிவப்புப் புள்ளிகள். ஊசி குத்திய இடம் எல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் படர்ந்திருந்தது. சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை இளஞ்சிவப்பாக இருந்தது. கொசு கடித்திருக்கும் என்று புள்ளிகளைப் பார்த்து முதலில் சொன்னார்கள். அழுத்திப் பார்த்தேன், மறையவில்லை. அழுத்தினால் மறையாத சிவப்புப் புள்ளி என்றால் தோலுக்கு அடியில் ரத்தம் கசிகிறது என்று அர்த்தமாம். ஆறரை மணிக்கு ரிசல்ட் வந்தது. 9,000.

முதலில் யாரும் நம்பவில்லை, அது நியாயம்தான். ரத்தம் எடுக்கும் ஊதா மூடி டியூபில் இருக்கும் மருந்தினால் சிலருக்குப் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மெஷின் அதை எண்ணாமல் குறைத்துக் காட்டும். அதற்காக நீல மூடி டியூபில் மறுபடி எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. பிளேட்லெட்டே காணோம். ஆபரேஷன் ரத்து. ஐ.சி.யு-வுக்கு மாற்றினார்கள்.

அப்புறம் காரணம் தேடினார்கள். டெங்கு பார்த்தார்கள், இல்லை. கிருமித் தொற்று உடம்பு முழுக்கப் பரவியிருக்கிறதா என்று பார்த்தார்கள், அதற்கும் அடையாளம் இல்லை. ஊசிக் குழாய் அடைக்காமல் இருக்க ஹெப்பாரின் விட்டிருந்தார்கள். அந்த மருந்தினால் சிலருக்குப் பிளேட்லெட் குறையும். "இதுக்கு முன்னாடி எப்பவாவது ஹெப்பாரின் போட்டிருக்காங்களாம்மா? கடைசி மூணு மாசத்துல?" என்று கேட்டார் பொது மருத்துவர். எனக்குத் தெரியவில்லை. அப்பாவின் பழைய சீட்டெல்லாம் வீட்டில் பீரோவுக்கு மேலே ஒரு ஜவுளிப் பையில். அக்கா வீட்டுப் பையன் அதைத் தேடி, ஒவ்வொரு தாளாகப் படம் எடுத்து அனுப்ப மூன்று மணி நேரம் ஆனது. அப்பா கடைசியாக அட்மிட் ஆனதே நான்கு வருடம் முன்பு என்று அதில் இருந்தது. ஹெப்பாரினால் வருவது பெரும்பாலும் ஊசி ஆரம்பித்து ஐந்து முதல் பத்து நாளில் தெரியுமாம். அண்மையில் போட்டுக்கொண்டவர்களுக்குத்தான் ஒரே நாளில் வரும். இவ்வளவு அடிமட்டத்துக்கு இறங்குவதும் குறைவாம். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்று போனில் இருந்திருந்தால் அந்த மூன்று மணி நேரம் மிஞ்சியிருக்கும். இப்போது வீட்டில் எல்லோருடைய சீட்டும் என் போனில் இருக்கிறது.

இதற்கிடையில் "பிளேட்லெட் ஏற்பாடு பண்ணுங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்று நான் பட்டதை எழுத வார்த்தை வரவில்லை. அப்பாவுக்கு பி பாசிட்டிவ். எஸ்.டி.பி. என்று சொல்லும் ஒற்றைக் கொடையாளர் பிளேட்லெட்டுக்கு, கொடுப்பவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் மெஷினில் உட்கார வேண்டும். ஊசி ஏற்ற நல்ல நரம்பு வேண்டும், பிளேட்லெட் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவின் மருத்துவமனையில் அந்த மெஷின் இல்லை, வேறொரு ரத்த மையத்துக்குப் போக வேண்டும். வாட்ஸ்அப்பில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் அனுப்பினேன். முகம் தெரியாத கல்லூரிப் பையன் ஒருவன் திருமங்கலத்திலிருந்து பைக்கில் வந்து கொடுத்தான். டீ கூடக் குடிக்காமல் பரீட்சை என்று கிளம்பிப் போனான். 11,000 ரூபாய் கட்டி, பையை நானே ஐஸ் இல்லாத பெட்டியில் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். பிளேட்லெட்டை ஐஸில் வைக்கக் கூடாது என்று அங்கே இருந்தவர்கள் இரண்டு முறை சொல்லி அனுப்பினார்கள்.

ஏற்றி முடித்து ஒரு மணி நேரம் கழித்து எடுத்தார்கள். 11,000. அவ்வளவுதான். ஒரு எஸ்.டி.பி. ஏற்றினால் முப்பதாயிரமாவது கூடும் என்று சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலை 8,000. இரண்டாவது எஸ்.டி.பி. வாங்கினோம், இன்னொரு 11,000 ரூபாய். கூடவே சாதாரண பிளேட்லெட் ஆறு பை, பை ஒன்று 400 ரூபாய். எண்ணிக்கை அசையவில்லை. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி இருந்தது. "இன்னும் ஒண்ணு ஏற்பாடு பண்ணுங்க" என்று மறுபடி சீட்டு வந்தது. அன்றுதான் ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அப்பா போய்விடுவார் என்றே நினைத்துவிட்டேன். தம்பியிடம் டிக்கெட் போடச் சொல்லலாமா வேண்டாமா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிளேட்லெட் ஏற்றிய ஒரு மணி நேரத்துக்குள் எடுக்கும் எண்ணிக்கை முக்கியமானது. அதிலேயே ஏறவில்லை என்றால், ஏற்றியதை உடம்பில் ஏதோ ஒன்று அழித்துக்கொண்டிருக்கலாம். அடுத்த பைக்கு ஓடுவதற்கு முன்னால் "ஏன் ஏறவில்லை?" என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டும். இரண்டாவது பை வாங்கப் போவதற்கு முன்பே நான் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது பிளேட்லெட் பைக்குக் கொடையாளர் கிடைக்கவில்லை. நானும் பி பாசிட்டிவ்தான். நானே கொடுக்கிறேன் என்று அந்த ரத்த மையத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண் டாக்டர் படிவத்தைப் பார்த்துக்கொண்டே, "எத்தனை குழந்தைங்கம்மா? கரு கலைஞ்சது ஏதாவது உண்டா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அப்பா சாகக் கிடக்கும்போது இந்தக் கேள்வி எதற்கு? "ரெண்டு பிள்ளைங்க, ஒண்ணு மூணாம் மாசத்துல கலைஞ்சிடுச்சு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி விளக்கினார்.

கர்ப்பத்தின்போது குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலக்கும். குழந்தை அப்பாவிடமிருந்து வாங்கிக்கொண்ட சில அடையாளங்கள் தாயின் உடம்புக்கு அந்நியமாகப் படும். அதற்கு எதிராகப் போராடும் ஆன்டிபாடி என்ற புரதம் உண்டாகலாம். தாய்க்கு அதனால் ஒரு தொந்தரவும் இருக்காது, அவருக்கே தெரியாது. ஆனால் அவர் கொடுக்கும் பிளாஸ்மாவிலும் பிளேட்லெட் பையிலும் அந்த ஆன்டிபாடி சேர்ந்து போகும். வாங்குபவரின் உடம்பில் அதே அடையாளம் இருந்தால் அங்கே போய் வேலையைக் காட்டும். அதனால்தான் பிளேட்லெட் கொடுக்க வரும் பெண்களிடம் தான் இதைக் கேட்பதாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி, "உங்க அப்பாவுக்குப் பிளேட்லெட் குறையறதுக்கு முன்னாடி ஏதாவது ஏத்துனாங்களா?" என்றார்.

நான் போனை நீட்டினேன். நான்கு பைகளின் படம். ஒவ்வொன்றிலும் பை எண், ரத்த வகை, எடுத்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. தம்பிக்கு அனுப்பிய மெசேஜில் நேரமும் இருந்தது: 7.15, 8.30, 9.50, "அப்பாவுக்குக் குளிருது" 10.06. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு தாளில் குறித்தார். காலைப் பரிசோதனை எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று கேட்டார். பிறகு அங்கிருந்தே அப்பாவின் மருத்துவமனை ரத்த வங்கிக்கும் ஐ.சி.யு. டாக்டருக்கும் போன் போட்டார். அவர் படித்தது ரத்தமாற்று மருத்துவம். அப்படி ஒரு தனிப் படிப்பு இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

அவர் சந்தேகப்பட்டது இதுதான். ரத்த வகை ஏ, பி, ஓ என்று இருப்பது போலவே பிளேட்லெட்டுக்கும் வகைகள் உண்டு. அவற்றை எச்.பி.ஏ. என்று எண் போட்டுச் சொல்கிறார்கள். அதில் முக்கியமானது எச்.பி.ஏ-1ஏ. கிட்டத்தட்ட எல்லோருக்கும் அது இருக்கும். ஐரோப்பியர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு இருக்காது, நம் பக்கம் அதைவிட அபூர்வம். அப்படி அது இல்லாத ஒரு பெண், அது இருக்கிற குழந்தையைச் சுமந்தால் எதிர் ஆன்டிபாடி உண்டாகலாம். அந்தப் பெண்ணின் பிளாஸ்மாவை அப்பா மாதிரி, அது இருக்கிற ஒருவருக்கு ஏற்றினால், சில மணி நேரத்திலேயே பிளேட்லெட் தரைமட்டமாகலாம். பிறகு ஏற்றுகிற எஸ்.டி.பி-யிலும் எச்.பி.ஏ-1ஏ இருப்பதால் அதையும் அழித்துவிடும். ஓட்டைக் குடம் ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடிய இன்னொரு நோய் உண்டு. ரத்தம் ஏற்றி ஐந்து முதல் பன்னிரண்டு நாள் கழித்துப் பிளேட்லெட் விழுவது. அதை அமெரிக்காவில் 1961-லேயே விரிவாக எழுதியிருக்கிறார்கள். அதில் ஆன்டிபாடி பையில் வருவதில்லை. வாங்கியவரின் உடம்பே உண்டாக்குகிறது. பெரும்பாலும் முன்பு கர்ப்பமான பெண்களுக்குத்தான் வரும், வாரக்கணக்கில் இழுக்கும், அடுத்த முறை ரத்தம் ஏற்றும்போதும் கவனம் வேண்டும். அப்பாவுக்கு வந்தது கடன் வாங்கிய ஆன்டிபாடி. அவர் உடம்புக்கு அதைத் திரும்பச் செய்யத் தெரியாது. இருப்பு தீர்ந்ததும் பிளேட்லெட் தானாக ஏறும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது முதலில் நேரம்தான், மணிக்கணக்கா நாள்கணக்கா என்பது. கேஸ் ஷீட்டில் நடுக்கம் வந்ததாக எழுதவே இல்லை. பைகள் ஏறிய நேரம் நான்குக்கும் ஒரே நேரமாகப் போட்டிருந்தது. தம்பிக்கு அனுப்பிய மெசேஜ் இல்லையென்றால் மூன்றாவது பிளாஸ்மா பைதான் காரணம் என்று யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே, யாருக்கு எதை ஏற்றினாலும் பையின் ஒட்டுச்சீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், நடுவில் ஏதாவது ஆனால் அந்த நேரம், இது மூன்றையும் போனில் எழுதிவையுங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்களைப் படம் பிடித்துவிடாமல் பையை மட்டும் எடுங்கள். யாராவது ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்டால் வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கு என்று சொல்லலாம், நான் உண்மையிலேயே அதற்குத்தான் எடுத்தேன்.

அன்று மாலை நிறைய நடந்தது. மூன்றாவது பிளேட்லெட் பை வேண்டாம் என்று நிறுத்தினார்கள். மூளையிலோ வயிற்றிலோ ரத்தக் கசிவு வந்தால் மட்டும் ஏற்றுவது என்று முடிவானது. இம்யூனோகுளோபுலின் ஊசி ஒரு நாள் டோஸ் போடலாம் என்றார்கள். அது பலரின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்து எடுக்கும் மருந்து, பிளேட்லெட் அழிவதைத் தடுத்துவைக்கும். அப்பா அறுபது கிலோ. ஐந்து கிராம் பாட்டில் பன்னிரண்டு வேண்டும். பாட்டில் 9,200 ரூபாய். மொத்தம் 1,10,400. கழுத்துச் சங்கிலியையும் இரண்டு வளையலையும் வைத்துப் பணம் எடுத்துக்கொண்டு வந்து கட்டினேன். அந்த ஊசி இல்லாமலேயே அப்பா தேறியிருப்பாரா என்று பிறகு கேட்டேன். தேறியிருக்கலாம், ஆனால் ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது காத்திருக்கத் துணிய முடியாது என்றார் டாக்டர். எனக்கு அந்தப் பணத்தைப் பற்றி வருத்தம் இல்லை. வீணாய்ப் போன இரண்டு எஸ்.டி.பி-யும், அதைக் கொடுத்த அந்தப் பையன்களின் நேரமும்தான் இன்னும் உறுத்துகிறது.

மறுநாள் 13,000. அதற்கடுத்த நாள் 31,000. பிறகு 58,000. ஒவ்வொரு நாள் காலையும் ஏழு மணிக்கு லேப் ஜன்னலில் போய் நிற்பேன். எட்டாம் நாள் 1,12,000, ஒன்பதாம் நாள் 1,48,000. பத்தாம் நாள் ஆபரேஷன். அதற்குள் ஐ.என்.ஆரும் வைட்டமின் கே-யிலேயே இறங்கியிருந்தது. ஆபரேஷனில் ஒரு பை சிவப்பணு தேவைப்படலாம் என்று கையெழுத்துக் கேட்டார்கள். பேனா பிடித்த கை நடுங்கியது. அந்தப் பெண் டாக்டரிடம் போனில் கேட்டேன். "தைரியமாப் போடுங்கம்மா. சிவப்பணு பையில பிளாஸ்மா ரொம்பக் கொஞ்சம். உங்க அப்பா உடம்புல குறை இல்ல, திரும்ப வரும்னு பயப்பட வேண்டாம். ஆண் கொடையாளர் பையாப் பார்த்துக் கொடுக்கச் சொல்றேன்" என்றார். ரத்தம் வேண்டாம் என்று நான் அன்று முரண்டு பிடித்திருந்தால் அப்பாவை இழந்திருப்பேன். இதைப் படித்துவிட்டு யாரும் ரத்தம் ஏற்ற மறுத்துவிடாதீர்கள், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். இது மிக அபூர்வமாக நடப்பது. நடந்தால் அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

கொடையாளரை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். காலிப் பை குப்பைக்குப் போய்விட்டது. ஆனால் ரத்தம் ஏற்றிய பிறகு ஏழு நாளாவது கொடையாளர், நோயாளி இருவரின் மாதிரியையும் ரத்த வங்கி குளிரில் வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நாங்கள் மூன்றாம் நாளே கேட்டதால் மாதிரி இருந்தது. ஒரு வாரம் கழித்துத் தெரிந்திருந்தால் கஷ்டம். நான்கு பையில் மூன்றாவது மட்டும் ஒரு பெண் கொடுத்தது. மாதிரிகள் வெளியூர் ஆய்வகத்துக்குப் போயின, எல்லா ஊரிலும் இந்தப் பரிசோதனை கிடையாது. மூன்று வாரம் கழித்து, எச்.பி.ஏ-1ஏ-க்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறது என்று உறுதியானது. பிரிட்டனில் 2003-லிருந்தே பிளாஸ்மாவைக் கூடுமானவரை ஆண்களிடமிருந்து எடுக்கிறார்கள் என்று பிறகு படித்தேன். முக்கியமாக நுரையீரலைத் தாக்கும் வேறொரு எதிர்விளைவுக்காக, அதுவும் இப்படிக் கொடையாளரின் ஆன்டிபாடியால் வருவதுதான், ஏற்றிய ஆறு மணி நேரத்துக்குள் மூச்சுத் திணறும்.

இப்படி நடந்ததைப் பதிவு செய்ய நம் நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து ஹீமோவிஜிலன்ஸ் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. எதிர்விளைவு வந்தால் மருத்துவமனை அதற்கான படிவத்தை நிரப்பி அனுப்பலாம். அப்பாவுக்கு முதலில் அனுப்பவில்லை, அந்த டாக்டர் சொன்ன பிறகுதான் அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் "பிளேட்லெட் குறைவு, காரணம் ஆராயப்படுகிறது" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். ஆய்வு முடிவு வந்ததும் அதை எடுத்துக்கொண்டு இரண்டு முறை அலைந்து, காரணத்தைச் சேர்த்து எழுதி வாங்கினேன். அது இல்லாமல் இன்சூரன்சில் ஒவ்வொரு பில்லுக்கும் கேள்வி கேட்டார்கள். இடுப்பு ஆபரேஷனுக்கு வந்தவருக்கு ஐ.சி.யு. எதற்கு, இம்யூனோகுளோபுலின் எதற்கு என்று. ஐ.சி.யு. நான்கு நாள் 56,000, ஊசி, பிளேட்லெட், கூடுதல் அறை வாடகை, பரிசோதனைகள் எல்லாம் சேர்த்து இதனால் ஆன கூடுதல் செலவு ஏறக்குறைய 2,30,000 ரூபாய். அதில் பாதி இன்சூரன்சில் வந்தது. மீதிக்கு வளையல் இன்னும் வங்கியில் இருக்கிறது. படுக்கையிலேயே கிடந்ததில் அப்பாவுக்கு முதுகின் கீழே புண் வந்து ஆற இரண்டு மாதம் ஆனது. அதற்கு எந்தப் பில்லும் இல்லை.

நீங்கள் குழந்தை பெற்ற பெண்ணாக இருந்து ரத்தம் கொடுப்பவராக இருந்தால், தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். உங்கள் சிவப்பணு தேவை. பிளேட்லெட், பிளாஸ்மா என்று வரும்போது மட்டும் எத்தனை பிரசவம், கலைந்தது உண்டா என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். அன்று நான் கோபப்பட்டது போலக் கோபப்படாதீர்கள்.

ஆய்வு முடிவைச் சொல்ல அந்த டாக்டர் போன் செய்தபோது அப்பா வாக்கர் பிடித்துக் கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டேன். கொடையாளர் யார் என்று சொல்ல மாட்டோம், அவரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டோம், இனி அவருடைய பிளாஸ்மாவையும் பிளேட்லெட்டையும் யாருக்கும் கொடுக்க மாட்டோம் என்றார். அப்பா நின்றுவிட்டார். வாக்கரைப் பிடித்தபடியே கேட்டார், "அந்தப் புள்ளைக்கு இதால ஏதும் கெடுதல் உண்டா தாயி?"

நான் போனில் அதைக் கேட்டேன். அவருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் இன்னொரு முறை கர்ப்பமானால் அதே ஆன்டிபாடி வயிற்றில் இருக்கும் குழந்தையின் பிளேட்லெட்டைத் தாக்கலாம், சில குழந்தைகளுக்கு மூளையில் ரத்தக் கசிவு வரை போகும், முன்கூட்டியே தெரிந்தால் கர்ப்பத்திலேயே மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். அதை எழுதிக் கையில் கொடுத்து, பிரசவ டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"நல்லதாப் போச்சு, தெரிஞ்சுதே" என்று சொல்லிவிட்டு அப்பா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசல் பக்கம் போனார்.